ப்ளூஸ் ஹார்மோனிகா: கேட்கத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. அதில் வாசிக்கும் ஹார்மோனிகா நம் மவுத் ஆர்கன்தான். இந்த ப்ளூஸ் ஹார்மோனிகாவைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு, தேடிப்பிடித்து நாலைந்து பாட்டைக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்று விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது, அதில் எதைக் கவனிப்பது என்று யாரும் சொல்லித் தராததால் வரும் சலிப்பு அது. வரிசையாகக் கேட்டால் சில வாரங்களிலேயே காது பழகிவிடும். அப்புறம் இந்த இசை ஆளை லேசில் விடாது. பதின்வயதில் கேட்ட ஓர் இசைத்தட்டை எழுபது வயதிலும் கேட்டுக்கொண்டிருக்கிற ரசிகர்கள் இதற்கு உண்டு.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மவுத் ஆர்கன் என்றால் ஊதுகிற கருவி. ப்ளூஸ்காரர்கள் அதை ஊதுவதைவிட இழுப்பதுதான் அதிகம். மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் சுரங்களில்தான் அந்த அழுகை, குழைவு, முரட்டுத்தனம் எல்லாம் இருக்கிறது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் "இப்போது இவர் மூச்சை இழுக்கிறாரா, விடுகிறாரா?" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே கேளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

முதலில் 'ஜூக்'

ஒரே ஒரு பாட்டோடு தொடங்குங்கள். லிட்டில் வால்டர் வாசித்த 'ஜூக்'. 1952 மே 12ஆம் தேதி சிகாகோவில் பதிவானது. வால்டருக்கு அப்போது 22 வயது. லூசியானா மாநிலத்தின் மார்க்ஸ்வில்லில் பிறந்து, சிகாகோவுக்கு வந்து, ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் குழுவில் ஹார்மோனிகா வாசித்துக்கொண்டிருந்தார். குழு மேடையில் வாசித்துப் பழகிய மெட்டுதான் இது. மட்டி வாட்டர்ஸும் ஜிம்மி ராஜர்ஸும் பின்னால் கிட்டார் வாசிக்கிறார்கள். பாட்டு வரி எதுவும் கிடையாது. இருந்தும் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. ஹார்மோனிகாவை மட்டுமே முன்னால் வைத்த வேறெந்த வாத்திய இசையும் அந்தப் பட்டியலில் அந்த இடத்தைப் பிடித்ததில்லை. தட்டு ஓடத் தொடங்கியதுமே வால்டர் மட்டி வாட்டர்ஸின் குழுவை விட்டுக் கிளம்பித் தன் பெயரிலேயே குழு அமைத்துக்கொண்டார்.

முதல் முறை சும்மா கேளுங்கள். மூன்று நிமிடம்கூட ஆகாது. இரண்டாம் முறை தொடக்கத்தை மட்டும் கேளுங்கள். கீழிருந்து மேலே ஏறும் ஒரு சின்ன மெட்டுத்துணுக்கு வரும். வந்த கையோடு அதே துணுக்கு மறுபடியும் வரும், மறுபடியும் வரும். கிட்டார்கள் கீழே துள்ளிக்கொண்டே போக, இவர் அந்தத் துணுக்கைத் தாளத்தின் மேல் சற்றே சாய்த்து வைக்கிறார். அதற்கடுத்த சுற்றில் துணுக்கு மாறிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புதுச் சேதி. எதுவும் வீணாக இல்லை.

மூன்றாம் முறை ஒலியைக் கவனியுங்கள். இது மவுத் ஆர்கன் போலவே இல்லை, சாக்ஸபோன் மாதிரி தடித்து, பருத்து வருகிறது. அதற்குக் காரணம் வால்டரின் கைகள். மைக்கை ஹார்மோனிகாவோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைக்குள் இறுக்கமாகப் பொத்திக்கொண்டு வாசிப்பார். காற்று வெளியே கசியாது. அந்த ஒலி வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் போய், அதன் தாங்குசக்தியைக் கொஞ்சம் மீறி, லேசாகக் கரகரத்து வெளியே வரும். சாக்ஸபோன்காரர் லூயி ஜோர்டானின் வாசிப்பு வால்டருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பருமனைக் கையடக்கமான ஒரு கருவியில் கொண்டுவந்ததால்தான் சிகாகோவின் இரைச்சலான கிளப்புகளில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே ஹார்மோனிகா முன்னால் நிற்க முடிந்தது.

சுற்றை எண்ணப் பழகுங்கள்

ப்ளூஸ் பாட்டுகள் பெரும்பாலும் பன்னிரண்டு பார்களில் சுழலும். ஒரு பாருக்கு நான்கு அடி. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: முதல் நான்கு பார் சட்ஜத்தை அடிப்படையாகக் கொண்ட கார்டு (சில சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது), அடுத்த இரண்டு மத்யமத்தில், இரண்டு மறுபடியும் சட்ஜத்தில், பிறகு பஞ்சமத்தில் ஒன்று, மத்யமத்தில் ஒன்று, கடைசி இரண்டு சட்ஜத்துக்குத் திரும்பி வந்து முடியும். விரலை மடக்கிக்கொண்டே 'ஜூக்'கை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் பாரில் தரை லேசாக நகர்வதும், ஒன்பதாம் பாரில் இழுபறி கூடுவதும், பதினொன்றாம் பாரில் வீடு வந்து சேர்வதும் தெரியும். இது பிடிபட்டுவிட்டால் "எல்லாம் ஒரே மாதிரி" என்ற புகார் போய்விடும். சட்டகம் பொதுவானதுதான். அதற்குள் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்பதில்தான் கேட்பவருக்குச் சுவை.

ஏன் இழுக்கிறார்கள்?

இதை ஒரு முறை புரிந்துகொண்டால் கேட்பதும் மாறிவிடும், பிற்பாடு வாசிக்க நினைத்தால் அதற்கும் கைகொடுக்கும்.

ப்ளூஸில் பயன்படும் சாதாரண ஹார்மோனிகாவுக்குப் பத்துத் துளை. ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு சுரம், இழுத்தால் வேறொரு சுரம். ஆக மொத்தம் இருபது பித்தளை நாக்குகள். ஜெர்மனியின் ட்ராசிங்கன் ஊரில் 1857இல் தொடங்கிய ஹோனர் நிறுவனம் இவற்றை அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பியது. இன்றும் விற்பனையில் இருக்கும் அதன் மெரீன் பேண்ட் வகை 1896இல் வந்தது. ஜெர்மானிய நாட்டுப்புற மெட்டுகளுக்கும் நடனப் பாட்டுகளுக்கும் ஏற்ற மாதிரி அமைத்த கருவி அது. சி சுருதி ஹார்மோனிகாவை, அதாவது நம் கணக்கில் ஒரு கட்டை, ஊதினால் சி கார்டு இனிமையாக வரும். கருவி செய்தவர்கள் எதிர்பார்த்தது அதைத்தான்.

அமெரிக்கத் தெற்கின் கறுப்பின இசைக்கலைஞர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். அதே சி ஹார்மோனிகாவில் இரண்டாம் துளையை இழுத்தால் வரும் ஜி சுரத்தை, அதாவது ஐந்து கட்டையை, சட்ஜமாக வைத்துக்கொண்டார்கள். இப்போது மூன்றாம் துளை இழுப்பு அந்தர காந்தாரம், நான்காம் துளை இழுப்பு பஞ்சமம், ஐந்தாம் துளை இழுப்பு கைசிகி நிஷாதம். ப்ளூஸுக்குத் தேவையான அந்தக் கைசிகி நிஷாதம் தேடாமலே கிடைத்துவிட்டது. அதைவிடப் பெரிய லாபம், கீழ்ப்பகுதித் துளைகளில் இழுக்கும் சுரங்களை வளைக்க முடியும். வாய்க்குள் நாக்கின் இடத்தை மாற்றினால் சுருதி கீழே வழுக்கும். மூன்றாம் துளையின் அந்தர காந்தாரத்தை, அதற்கு அரைச் சுரம் கீழே இருக்கும் சாதாரண காந்தாரத்தை நோக்கி வழுக்கவிட்டு, இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிறுத்தி வைப்பார்கள். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. ப்ளூஸைக் கேட்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ பிசைகிற மாதிரி இருந்தால், பெரும்பாலும் அந்த நடு இடம்தான் காரணம். கமகத்தில் பழகிய காதுக்கு இது சீக்கிரமே வசப்படும்.

இந்த வாசிப்பு முறைக்கு 'கிராஸ் ஹார்ப்' என்று பெயர். ப்ளூஸ்காரர்கள் ஹார்மோனிகாவை 'ஹார்ப்' என்றுதான் சொல்வார்கள்.

அடுத்து, பின்னோக்கிப் போங்கள்

'ஜூக்' பழகியபின் மைக்கே இல்லாத காலத்துக்குப் போங்கள். டிஃபோர்ட் பெய்லி 1927இல் பதிவுசெய்த 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்' நல்ல தொடக்கம். சின்சினாட்டிக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடிய விரைவு ரயிலின் பெயர் பான் அமெரிக்கன். பெய்லி தனியாக, ஒரே ஹார்மோனிகாவில் அந்த ரயிலைக் கிளப்பி, வேகமெடுக்க வைத்து, விசிலடிக்க வைக்கிறார். இழுப்பதும் விடுவதுமான மூச்சுதான் அங்கே எஞ்சின். நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் அவர். 1941இல் நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட்டு, பிறகு பல ஆண்டுகள் காலணிக்குப் பாலிஷ் போடும் கடை நடத்தி வாழ்ந்தார். 2005இல்தான் கன்ட்ரி இசையின் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் இறந்து அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தத் தாமதம் இன்னும் உறுத்துகிறது.

அவரோடு சானி டெரியையும் கேளுங்கள். இளம் வயதில் அடுத்தடுத்த விபத்துகளில் இரண்டு கண்ணும் போனவர். 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்த 'ஃப்ரம் ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்' நிகழ்ச்சியில் மேடையேறினார். பிற்பாடு கிட்டார்காரர் பிரவுனி மெகீயோடு சேர்ந்து பல பத்தாண்டுகள் வாசித்தார். இரண்டு சுரங்களுக்கு நடுவே கள்ளக்குரலில் ஒரு "ஹூப்!" போடுவார். எது குரல், எது ஹார்ப் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூச்சு எங்கே உள்ளே போகிறது என்று கவனிக்கும் பயிற்சிக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

இரண்டு சானி பாய்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் இது. சானி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் இரண்டு பேர்.

முதலாமவர் ஜான் லீ வில்லியம்சன், டென்னசியின் ஜாக்ஸன் ஊர்க்காரர். 1937இல் 'குட் மார்னிங், ஸ்கூல் கேர்ள்' பாட்டோடு புகழ்பெற்றார். பாடகர் ஒரு வரி பாட, ஹார்ப் அதற்குப் பதில் சொல்வது என்ற பேச்சுமுறையைப் பதிவுகளில் நிலைநாட்டியவர் இவர். ஹார்மோனிகாவைப் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். 1948இல் சிகாகோவில், கிளப்பிலிருந்து வீடு திரும்பும் வழியில் தாக்கப்பட்டு இறந்தார். 34 வயது.

இரண்டாமவர் ரைஸ் மில்லர். முதலாமவர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர். 1941இல் ஆர்கன்சாவின் ஹெலினாவில் கேஎஃப்எஃப்ஏ வானொலி தொடங்கிய 'கிங் பிஸ்கட் டைம்' நிகழ்ச்சியில், ஒரு மாவு நிறுவனத்தின் விளம்பரத்தோடு, நண்பகலில் வாசித்துவந்தார். வயலில் வேலை செய்பவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் கேட்பார்கள். பெயரை எடுத்துக்கொண்டது சரியா என்று கேட்டால் சரியில்லைதான். ஆனால் வாசிப்பில் அவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்ல.

எனக்கு எல்லோரையும்விடப் பிடித்தவர் இந்த இரண்டாம் சானி பாய். காரணம் தெரிய 1963இல் வந்த 'ஹெல்ப் மீ' பாட்டைக் கேளுங்கள். புக்கர் டி குழுவின் 'க்ரீன் ஆனியன்ஸ்' மெட்டின் அடித்தளத்தை எடுத்து, அதன்மேல் கிட்டத்தட்ட முணுமுணுப்பாகப் பாடுகிறார். ஹார்ப் வாசிக்கும்போது இரண்டு மூன்று சுரத்துக்கு மேல் போவதே அபூர்வம். ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்து, கையைத் திறந்து மூடி அதை நடுங்க வைத்து, அப்படியே விட்டுவிடுவார். அடுத்து வருவது மௌனம். வேகமாக வாசிப்பதுதான் திறமை என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், இந்த ஒரு பாட்டு போதும். 1960களின் ஐரோப்பியச் சுற்றுப்பயணக் காணொளிகளும் கிடைக்கின்றன. ஹார்மோனிகாவை நீளவாக்கில் வாய்க்குள் செருகிக்கொண்டு, கையே படாமல் வாசிப்பதைப் பார்க்கலாம்.

இந்தக் கட்டத்தில் பிக் வால்டர் ஹார்ட்டனின் 'ஈஸி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1953, மெம்ஃபிஸின் சன் நிறுவனம். மெதுவாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று ஒலி பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் ஒரே ஆள் ஒரு முழுக் குழுவாகிவிடுவார்.

பாடகருக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

இதுவரை ஹார்ப் தனியாக முன்னால் நின்றதைக் கேட்டோம். மட்டி வாட்டர்ஸின் 1954 'ஹூச்சி கூச்சி மேன்' பாட்டைப் போட்டு, அவர் குரலை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, பின்னால் வரும் ஹார்ப்பை மட்டும் பின்தொடருங்கள். வாசிப்பவர் லிட்டில் வால்டரேதான். குரலின் மேல் ஏறாமல், வரி முடியும் இடத்தில் மட்டும் நுழைந்து, அடுத்த வரிக்கு இடம் விட்டு விலகுகிறார். நல்ல ஹார்ப் வாசிப்பில் பாதி, எப்போது வாசிக்கக் கூடாது என்று தெரிந்திருப்பது.

அப்புறம் ஜூனியர் வெல்ஸ். 'ஹூடூ மேன் ப்ளூஸ்', 1965, டெல்மார்க் நிறுவனம். முழுத் தொகுப்பையும் ஒரே அமர்வில், இரவில், விளக்கைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். கிட்டார் வாசிப்பவர் பட்டி கை என்ற கலைஞர். வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் முதல் பதிப்பில் அவர் பெயர் 'ஃப்ரெண்ட்லி சாப்' என்று அச்சானது.

கேட்டவர்கள் என்ன ஆனார்கள்?

இந்த இசை ரசிகர்களைச் சும்மா ரசிகர்களாக இருக்க விடுவதில்லை. மிசிசிப்பியின் டுனிக்காவில் சிறுவனாக இருந்த ஜேம்ஸ் காட்டன், 'கிங் பிஸ்கட் டைம்' கேட்டுவிட்டு ரைஸ் மில்லரிடமே போய்ச் சேர்ந்து வாசிப்பைக் கற்றார். பிற்பாடு மட்டி வாட்டர்ஸின் குழுவில் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் வாசித்தார். சிகாகோவின் வெள்ளையின இளைஞர் பால் பட்டர்ஃபீல்ட், நகரின் தெற்குப் பகுதிக் கிளப்புகளுக்குப் போய் மட்டி வாட்டர்ஸைக் கேட்டே வளர்ந்தார். 1966இல் அவர் குழு வெளியிட்ட 'ஈஸ்ட்-வெஸ்ட்' பதின்மூன்று நிமிட வாத்திய இசை. அதில் இந்திய ராகங்களின் தாக்கம் வெளிப்படையாகத் தெரியும். நம் காதுக்கு அது தனிச் சுவாரசியம்.

இங்கிலாந்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பெயரையே மட்டி வாட்டர்ஸின் பாட்டிலிருந்துதான் எடுத்தார்கள். 1964இல் மட்டி வாட்டர்ஸின் தட்டுகளை வெளியிட்ட சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்கே போய்ப் பதிவுசெய்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், 'ப்ளூ அண்ட் லோன்சம்' என்று முழுக்கப் பழைய ப்ளூஸ் பாட்டுகளே கொண்ட தொகுப்பை வெளியிட்டார்கள். பன்னிரண்டு பாட்டில் நான்கு, லிட்டில் வால்டர் பதிவுசெய்து பிரபலமானவை. குழுவின் பாடகர் மிக் ஜேகரின் ஹார்ப்பை அதில் கவனியுங்கள். எழுபதைத் தாண்டிய ஒருவர், இளவயதில் தனக்குப் பித்துப்பிடிக்க வைத்த இசையை மரியாதையோடு வாசிக்கிறார்.

கையில் எடுக்க ஆசை வந்தால்

கேட்டுக்கொண்டே இருப்பதும் முழுமையான ரசனைதான். ஆனால் பலருக்கும் ஒரு கட்டத்தில் கை துறுதுறுக்கும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். நம் ஊர் இசைக்கருவிக் கடைகளில் மவுத் ஆர்கன் என்று கேட்டால் பெரும்பாலும் நீளமான, இரண்டு வரிசைத் துளை கொண்ட ட்ரெமலோ வகையை எடுத்துக் காட்டுவார்கள். சினிமா மெட்டுகளுக்கு அழகான கருவி. ஆனால் அதில் ஊதும் நாக்கும் இழுக்கும் நாக்கும் தனித்தனி அறைகளில் இருப்பதால் சுரம் சரியாக வளையாது. மேலே சொன்ன பத்துத் துளை வகைக்கு டயடானிக் என்று பெயர். "பத்துத் துளை டயடானிக், சி சுருதி" என்று சொல்லிக் கேளுங்கள். ஹோனரின் ஸ்பெஷல் 20, லீ ஆஸ்கர், சுஸுகி, ஜைடல் எல்லாம் நம்பி வாங்கலாம். ரொம்ப மலிவானவற்றில் காற்று கசியும். சுரம் வளையாததற்கு உங்களையே நொந்துகொள்வீர்கள். முதல் கருவிக்கு ஸ்பெஷல் 20 என்பது என் பரிந்துரை. உள்ளே இருக்கும் 'சீப்பு', அதாவது காற்றறைகள் வெட்டிய நடுப்பகுதி, பிளாஸ்டிக் என்பதால் எச்சிலில் ஊறி உப்பாது.

முதல் சில நாட்கள் சுரம் தேட வேண்டாம். ஒன்று முதல் மூன்று துளைகளை வாயால் மூடி, இழு-இழு, ஊது-ஊது என்று மூச்சு விடுங்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டினால் ரயில் கிளம்பிவிடும். கன்னத்திலிருந்து வாசிக்காமல் வயிற்றிலிருந்து மூச்சு வரட்டும். தோள் ஏறி இறங்கினால் எங்கேயோ இறுக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு ஒற்றைச் சுரம். நான்காம் துளையில், விசிலடிக்கப் போகிற மாதிரி உதட்டைக் குவித்து ஊதுங்கள், இழுங்கள். ஹார்மோனிகாவை உதட்டு நுனியில் ஒட்டவைக்காமல் வாய்க்குள் நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் துளை இழுப்பு முதலில் அநேகமாகத் திணறும், சத்தமே வராமலும் போகலாம். கருவி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். பலமாக உறிஞ்சுவதால்தான் அது அடைத்துக்கொள்கிறது. தொண்டையைத் தளர்த்தி, கொட்டாவி விடுகிற மாதிரி மெல்ல மூச்சை உள்ளே எடுத்தால் திறந்துகொள்ளும்.

சுரத்தை வளைக்க நான்காம் துளை இழுப்பில் தொடங்குவது சுலபம். நாக்கை "ஈ" என்று சொல்லும் இடத்திலிருந்து "ஊ" என்று சொல்லும் இடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே மூச்சை எடுங்கள். பலத்தைக் கூட்டாதீர்கள். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், திடீரென்று ஒருநாள் சுருதி வழுக்கும். மூன்றாம் துளையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று படி வளைவு இருப்பதால் சரியான இடத்தில் நிறுத்த நிறைய மாதம் பிடிக்கும். ஐந்தாம், ஏழாம் துளைகளில் ஊதுக்கும் இழுப்புக்கும் அரைச் சுரமே வித்தியாசம் என்பதால் அங்கே முழு வளைவு கிடையாது. முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்றிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். சாப்பிட்ட கையோடு வாயைக் கொப்பளிக்காமல் எடுக்காதீர்கள்.

கொஞ்சம் பழகியதும் கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒருவரைப் பிடித்து உட்கார வையுங்கள். அப்போது வரும் முதல் கேள்வி, எந்தச் சுருதி ஹார்ப்பை எடுப்பது என்பதுதான். பாட்டின் சட்ஜத்துக்குச் சுத்த மத்யமம் எங்கே விழுகிறதோ, அந்தச் சுருதி ஹார்ப். நண்பர் ஜியில் வாசித்தால் சி ஹார்ப், ஏயில் வாசித்தால் டி ஹார்ப். கிட்டார்காரர்களுக்கு வசதியான சுருதி இ என்பதால் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். அதற்கு ஏ ஹார்ப் வேண்டும். எனவே இரண்டாவது ஹார்ப் வாங்கும்போது ஏயில் வாங்குங்கள்.